ஒரே ஊஞ்சலில் இருவர்

மேல்வீட்டுப் பெண் பிளஸ் டூ படிக்கிறாள். போன பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் இயற்பியல் நோட்டும் கையுமாக வந்து நின்றாள்.

“ஆன்ட்டி, ஒரு டவுட். ட்ரான்ஸ்ஃபார்மர்ல பிரைமரி வோல்டேஜும் செகண்டரி வோல்டேஜும் ஒரே ஃபேஸா, இல்ல நூத்தி எண்பது டிகிரி தள்ளியா? டியூஷன்ல நூத்தி எண்பதுங்கறாங்க. கைடுல ஒரே ஃபேஸ்னு போட்டிருக்கு. பரீட்சையில எதை எழுதறது?”

“உக்காருடி கண்ணு. பரீட்சை இருக்கட்டும். உள்ள என்ன நடக்குதுன்னு முதல்ல பாத்துடலாம்” என்றேன்.

பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் எலக்ட்ரிகல் பாடம் நடத்தியிருக்கிறேன். இந்தக் கேள்வி வராத வருஷமே கிடையாது. ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டால் பிள்ளைகள் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் சந்தேகம் போகாது. அடுத்த செமஸ்டரில் வேறொரு வேஷத்தில் திரும்பி வரும். அதனால் இதை நான் எப்போதும் நிதானமாகத்தான் சொல்வேன்.

முதலில் ‘ஃபேஸ்’ என்ற சொல். நம் ஊரில் “ஒரு ஃபேஸ் போயிடுச்சு” என்றால் மூன்று லைனில் ஒன்று செத்துவிட்டது என்று அர்த்தம். பாடப்புத்தகம் ‘கட்டம்’ என்று சொல்வது வேறு. நம் வீட்டு பிளக்கில் வருகிற 230 வோல்ட் ஒரே நிலையில் நிற்பதில்லை. பூஜ்யத்தில் கிளம்பி ஏறக்குறைய 325 வோல்ட் வரை ஏறுகிறது, இறங்கிப் பூஜ்யத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் அதே 325 வரை போகிறது, மறுபடி பூஜ்யத்துக்கு வருகிறது. இந்த ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட். வினாடிக்கு 50 சுற்று. ஒரு முழுச் சுற்றை 360 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 180 டிகிரி என்பது 10 மில்லிசெகண்ட், 90 டிகிரி என்பது 5. இரண்டு வோல்டேஜ்கள் ஒரே கணத்தில் தத்தம் சுற்றின் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதுதான் கட்டம். சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கினால் ஒரே கட்டம். ஒன்று உச்சியில் இருக்கும்போது மற்றது பாதாளத்தில் இருந்தால் 180 டிகிரி.

எங்கள் கூடத்தில் ஒரு ஊஞ்சல் இருக்கிறது. மயிலாப்பூரில் அப்பா வீட்டை இடித்து ஃபிளாட் கட்டினபோது பலகையையும் பித்தளைச் சங்கிலியையும் நான் அடையாறு காந்தி நகருக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதை லேசாக ஆட்டிவிட்டு அவளைப் பார்க்கச் சொன்னேன்.

“எங்க வேகமாப் போகுது?”

“நடுவுல.”

“ரெண்டு கோடியிலயும்?”

“ஒரு நிமிஷம் நின்னுட்டுத் திரும்புது.”

மின்மாற்றியின் நடுவில் இருக்கும் இரும்பில் காந்தப்புலம் இப்படித்தான் ஆடுகிறது. சுருளில் எழும் வோல்டேஜ், காந்தம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது. 1831 ஆகஸ்ட் 29 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே ஆறு அங்குல இரும்பு வளையம் ஒன்றில் இரண்டு சுருள்களைச் சுற்றி, ஒன்றில் பேட்டரியை இணைத்தார். மற்றதன் கம்பிக்கு அருகே இருந்த காந்த முள், இணைத்த கணத்தில் ஒரு பக்கம் துள்ளியது. அப்புறம் பேட்டரி ஓடிக்கொண்டே இருந்தாலும் முள் அசையவில்லை. துண்டித்த கணத்தில் எதிர்ப்பக்கம் துள்ளியது. காந்தம் இருப்பதை முள் பொருட்படுத்தவே இல்லை. மாறுவதை மட்டுமே பார்த்தது.

ஊஞ்சல் பலகையின் இடம் காந்தப்புலம் என்றால், பலகையின் வேகம் வோல்டேஜ். காந்தப்புலம் பூஜ்யத்தைக் கடக்கும்போது வோல்டேஜ் உச்சியில் இருக்கும். காந்தப்புலம் கோடியில் நிற்கும்போது வோல்டேஜ் பூஜ்யம். இரண்டுக்கும் கால் சுற்று, அதாவது 90 டிகிரி வித்தியாசம். காந்தப்புலம் வோல்டேஜுக்கு 5 மில்லிசெகண்ட் பின்னால் வருகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முதன்மைச் சுருள் (பிரைமரி), துணைச்சுருள் (செகண்டரி) இரண்டும் அந்த ஒரே இரும்பைத்தான் சுற்றியிருக்கின்றன. பாடத்தில் வரும் நல்லியல்பு மின்மாற்றியில் கம்பிக்கு மின்தடை கிடையாது, காந்தப்புலம் ஒரு இழைகூட வெளியே கசிவதில்லை, இரும்பு எதையும் தின்பதில்லை. அப்படியானால் முதன்மைச் சுருளின் ஒவ்வொரு சுற்றுக்கும், துணைச்சுருளின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே காந்தப்புலம், ஒரே வேகம், ஒரே கணம். முன்பின் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒன்றில் 1,000 சுற்று, மற்றதில் 100 சுற்று என்றால் வோல்டேஜ் பத்தில் ஒன்றாகக் குறையும், கட்டம் நகராது. துணைச்சுருளில் விளக்கைப் போட்டாலும் மோட்டாரைப் போட்டாலும் இந்த உறவு மாறாது.

“அப்ப நூத்தி எண்பது எங்கேருந்து ஆன்ட்டி வருது?”

அவளைப் பால்கனியைப் பார்த்து உட்காரச் சொன்னேன். நான் அதே பலகையில், அவள் முதுகோடு முதுகு ஒட்டி, பூஜை அறையைப் பார்த்து உட்கார்ந்தேன். காலால் உந்தினேன்.

“இப்ப எங்க போறே?”

“முன்னால.”

“நான் பின்னால போறேன்.”

கொஞ்ச நேரம் பேசாமல் ஆடினாள். “பலகை ஒண்ணுதானே ஆன்ட்டி” என்றாள்.

அவ்வளவுதான் அந்த 180 டிகிரி. சுருளுக்கு இரண்டு முனை உண்டு. எந்த முனையிலிருந்து எந்த முனையைப் பார்த்து அளக்கிறோம் என்பதுதான் ‘முன்னால்’, ‘பின்னால்’. மீட்டரின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றினால் அதே வோல்டேஜ் 180 டிகிரி திரும்பிவிடும். இரும்புக்குள் ஒன்றும் மாறியிருக்காது. அதனால்தான் வரைபடத்தில் ஒவ்வொரு சுருளின் ஒரு முனையிலும் ஒரு புள்ளி வைக்கிறோம். ஒரு புள்ளி முனை நேர்ப்பக்கம் ஏறும் கணத்தில் மற்றப் புள்ளி முனையும் நேர்ப்பக்கம் ஏறும் என்று அர்த்தம். புள்ளியைச் சொல்லாமல் கட்டத்தைச் சொன்னால் அது பாதிப் பேச்சு.

இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு வேர் உண்டு. அது லென்ஸ் விதி. தூண்டப்படும் மின்னியக்கு விசை தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் என்று படிக்கிறோம். சமன்பாட்டில் ஒரு கழித்தல் குறியும் நிற்கிறது. ‘எதிர்க்கும்’ என்றதும் பிள்ளைகள் ‘தலைகீழ்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். பழைய பாடநூல்கள் சிலவற்றிலும் படத்தை அப்படித்தான் போட்டிருக்கும்: கொடுத்த வோல்டேஜ் மேலே, தூண்டப்பட்ட இரண்டும் கீழே. அந்தக் குறியீட்டு முறையில் அது சரியே. ஆனால் எதிர்ப்பது வேறு, தலைகீழாக இருப்பது வேறு. நான் இதற்கு எப்போதும் வீட்டு இன்வெர்ட்டரைத்தான் காட்டுவேன். சார்ஜர் பேட்டரிக்குள் கரண்டைத் தள்ளுகிறது. பேட்டரி தன் 12 வோல்ட்டால் அதை எதிர்த்து நிற்கிறது. ஆனால் ஒயரைப் பாருங்கள்: சார்ஜரின் பிளஸ் பேட்டரியின் பிளஸ்ஸோடுதான் சேர்ந்திருக்கிறது. எதிர்ப்பதனால்தான் பிளஸ்ஸும் பிளஸ்ஸும் முகம் பார்த்து நிற்கின்றன. முதன்மைச் சுருளும் சப்ளையை இப்படித்தான் எதிர்க்கிறது. முனைகளில் மீட்டரை வைத்து அளந்தால் சப்ளையும் சுருளும் ஒரே வோல்டேஜ், ஒரே கட்டம். வேறு எப்படி இருக்க முடியும்? இரண்டும் அதே இரண்டு திருகில்தானே முறுக்கப்பட்டிருக்கின்றன.

வெறும் பெயர் வைக்கிற விஷயம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு கவலை என்று யாராவது கேட்டால் என் டிப்ளமா நாட்களைச் சொல்வேன். 1980களின் தொடக்கம். எங்கள் லேபில் ஒரே அச்சான இரண்டு மின்மாற்றிகள், ஒவ்வொன்றும் 230க்கு 115 வோல்ட். இரண்டின் துணைச்சுருள்களையும் இணையாகச் சேர்த்து ஒரே சுமையைப் பகிர வைக்க வேண்டும். முதன்மைகள் இரண்டும் ஒரே சப்ளையில். துணைச்சுருள்களின் ஒரு ஜோடி முனையை நேராகச் சேர்த்துவிடுவோம். மற்ற ஜோடிக்கு நடுவில் ஒரு ஸ்விட்ச். ஸ்விட்சைப் போடுமுன் அதன் குறுக்கே வோல்ட்மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். முனைகள் சரியாகச் சேர்ந்திருந்தால் 115லிருந்து 115 போய்ப் பூஜ்யம் காட்டும். மாறிச் சேர்ந்திருந்தால் இரண்டும் கூடி 230 காட்டும். நான் அன்று அவசரத்தில் மீட்டரைப் பார்க்கவில்லை. போட்டேன். டமார் என்று ஒரு சத்தம், இரண்டு ஃபியூஸும் போயிற்று, வார்னிஷ் கருகின வாடை சாப்பாட்டு வேளை வரைக்கும் லேபை விட்டுப் போகவில்லை. 230 வோல்ட்டுக்கு எதிரே கம்பியின் சொற்பத் தடையைத் தவிர வேறொன்றும் இல்லையென்றால் அதுதானே நடக்கும்.

காதோரம் நரைத்த லேப் அசிஸ்டென்ட் ஒருவர் இருந்தார். திட்டவில்லை. “மீட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு இல்ல பாப்பா ஸ்விட்சைப் போடணும்” என்றார். அப்புறம் ஒரு சின்ன பிரஷ்ஷும் வெள்ளை பெயின்ட்டும் எடுத்துவந்து, சோதித்துப் பார்த்து ஒவ்வொரு முனையிலும் புள்ளி வைத்தார். சுருளுக்கு மேலே டேப்பும் வார்னிஷும் ஏறிவிட்டால் எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் வைத்த புள்ளிகள் என் மனசில் இன்னும் காயாமல் இருக்கின்றன.

இந்த 180 டிகிரித் திருப்பமே நன்மை செய்யும் இடமும் உண்டு. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பல் மருத்துவமனை இருக்கிறது. அங்கே ஒரு செர்வோ ஸ்டெபிலைசர். அதற்குள் லைனோடு தொடராக ஒரு மின்மாற்றியின் துணைச்சுருள் நிற்கிறது. அதன் முதன்மைக்கு வோல்டேஜ் கொடுப்பது, வட்டமாகச் சுற்றிய சுருள் மேல் நகரும் ஒரு கார்பன் பிரஷ். பிரஷ் நடுவில் நின்றால் ஒன்றும் சேராது. ஒரு பக்கம் நகர்ந்தால் லைனோடு ஒரே கட்டத்தில் வோல்டேஜ் எழுந்து கூடுகிறது. மறுபக்கம் நகர்ந்தால் 180 டிகிரி திரும்பி, கழிகிறது. மே மாத ராத்திரியில் எல்லா வீட்டு ஏ.சி.யும் ஓடி லைன் 200க்கு இறங்கினால் 30ஐக் கூட்டுகிறது. விடியற்காலையில் 250க்கு ஏறினால் 20ஐக் கழிக்கிறது. கூட்டவும் கழிக்கவும் அதே சுருள்தான், அதே இரும்புதான். மோட்டார் மெல்ல முனகிக்கொண்டு பிரஷ்ஷை நகர்த்தும் சத்தம் படியிறங்கும்போது எனக்குக் கேட்கும். கேட்டால் மனசுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

மறுநாள் காலை அவளைத் தெருமுனைக்குக் கூட்டிப்போனேன். நடைபாதையில் கம்பிவேலிக்குள் நிற்கிற ட்ரான்ஸ்ஃபார்மரை அவள் தினமும் பார்க்கிறாள், நின்று பார்த்ததில்லை. கிட்டப் போகக் கூடாது. வேலிக்கு வெளியே இருந்து காதைக் கொடுத்தாலே போதும். அந்த ‘ம்ம்ம்’ ரீங்காரம் வினாடிக்கு 50 அல்ல, 100. காந்தப்புலம் எந்தப் பக்கம் போனாலும் இரும்பு அதே மாதிரிதான் இம்மியளவு நெளிகிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை. முன்பக்கம் பின்பக்கம் என்ற பேதம் அந்த இரும்புக்குக் கிடையாது.

இந்த வகை மின்மாற்றியின் பெயர்ப்பலகையில் 11,000 / 433 வோல்ட் என்றும், டி-ஒய்-என்-11 என்றும் பொறித்திருக்கும். இந்தப் பதினொன்றைப் பார்த்துத்தான் பிள்ளைகள் மறுபடி குழம்புவார்கள். கடிகாரத்தில் 11,000 வோல்ட் பக்கத்து முள் பன்னிரண்டில் நின்றால், நம் வீட்டுக்கு வரும் பக்கத்து முள் பதினொன்றில் நிற்கிறது என்று அர்த்தம். ஒரு மணிக்கு 30 டிகிரி. அதாவது நம் பக்கத்து வோல்டேஜ் சுமார் 1.67 மில்லிசெகண்ட் முந்துகிறது. “ஒரே ஃபேஸ்னீங்களே ஆன்ட்டி” என்று அவளும் கேட்டுவிட்டாள்.

சுருளுக்குச் சுருள் ஒரே கட்டம்தான். அதில் மாற்றமே இல்லை. கட்டின விதம்தான் வேறு. 11,000 வோல்ட் பக்கத்துச் சுருள் ஒவ்வொன்றும் இரண்டு லைன்களுக்கு நடுவே கட்டப்பட்டிருக்கிறது. அதைத்தான் டெல்டா என்கிறோம். நம் பக்கத்துச் சுருளோ லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே, ஸ்டாராக. மூன்று லைன்களும் ஒன்றுக்கொன்று 120 டிகிரி தள்ளி ஆடுகின்றன. அப்படித் தள்ளி ஆடும் இரண்டு அலைகளின் வித்தியாசத்தை எடுத்தால், அது ஒவ்வொன்றையும்விட 1.732 மடங்கு பெரிதாக, முதல் அலையிலிருந்து 30 டிகிரி நகர்ந்து நிற்கும். மேல்பக்கச் சுருள் அந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது. அதன் ஜோடி அதை அப்படியே, அதே கணத்தில், நியூட்ரலிலிருந்து நமக்குக் கொடுக்கிறது. நாம் லைனோடு லைனை ஒப்பிடும்போதுதான் 30 டிகிரி தெரிகிறது. 433ஐ 1.732ஆல் வகுத்தால் 250. சுமையிலும் ஒயரிலும் கொஞ்சம் போக நம் பிளக்கில் 230 சொச்சம்.

பெயர்ப்பலகையில் பதினொன்று இருக்கிற மின்மாற்றியோடு ஒன்று என்று இருப்பதை யாரும் இணையாகச் சேர்க்கக் கூடாது. இரண்டுக்கும் 60 டிகிரி வித்தியாசம். சேர்க்க வேண்டிய முனைகளுக்கு நடுவே பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 250 வோல்ட் நிற்கும். என் லேப் ஃபியூஸுக்கு நடந்தது அங்கே நடந்தால் தெரு தாங்காது.

மூன்று லைன்களின் வரிசை மாறினாலும் வம்புதான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்து மரங்களெல்லாம் சாய்ந்தபோது எங்கள் பகுதியில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. வந்தபிறகு எங்கள் கட்டடத்து த்ரீ ஃபேஸ் மோட்டார் ஓடியது, தண்ணீர் மட்டும் மேலே ஏறவில்லை. மூன்று லைனில் இரண்டு இடம் மாறியிருந்ததால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து இரண்டு ஒயரை மாற்றிப் போட்டதும் தொட்டி நிறைந்தது. வோல்டேஜ் எல்லாம் சரியாகவே இருந்தது. வரிசைதான் தப்பு.

நிஜ மின்மாற்றியில் கம்பிக்குத் தடை உண்டு, கசிவும் உண்டு. அதனால் கட்டமும் கொஞ்சம் நகரத்தான் செய்யும். வீட்டு விளக்குக்கு அது பொருட்டே இல்லை. பெரிய ஆலைகளில் மீட்டருக்கு வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் மின்மாற்றிகளில்தான் அது காசு பேசும். வோல்டேஜும் கரண்ட்டும் எந்தக் கோணத்தில் இருக்கின்றன என்பதை வைத்துத்தானே யூனிட் கணக்கு. அதனால் அங்கே டிகிரியை அறுபது கூறாக்கி நிமிஷக் கணக்கில் அளக்கிறார்கள். 0.5 வகுப்பு வோல்டேஜ் மின்மாற்றிக்கு அனுமதி 20 நிமிஷம். அதாவது ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு. 0.2 வகுப்புக்கு 10 நிமிஷம்தான். நல்லியல்பு என்று புத்தகத்தில் போட்டிருப்பதற்கு மனுஷர்கள் இவ்வளவு கிட்டே போய்விட்டார்கள் என்பதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

வீட்டுக்குத் திரும்பி வந்து அலமாரியிலிருந்து ஒரு பழைய மின்மாற்றியை எடுத்தேன். எப்போதோ ரிச்சி தெருவில் வாங்கியது. 230க்கு இரண்டு தனித்தனி 12 வோல்ட் சுருள்கள். மெயின்ஸ் பக்கத்தை நான் மட்டும்தான் தொடுவேன் என்று சொல்லி, 12 வோல்ட் பக்கத்தை அவளிடம் விட்டேன். முதலில் தனித்தனியாக அளந்தாள். சுமை இல்லாததால் இரண்டும் 13 காட்டின. பிளக்கைப் பிடுங்கி, இரண்டையும் தொடராகச் சேர்த்து, மறுபடி போட்டேன். மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றது.

“செத்துப் போச்சா ஆன்ட்டி?”

“ஒரு சுருளோட ஒயரைத் திருப்பிப் போடு.”

26. கண் விரிந்தது. கீழே வைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள். சிவப்பு நெயில் பாலிஷோடு வந்து, ஒரு சுருளின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் எதுவென்று விரலால் தடவிப் பார்த்து, இரண்டு புள்ளி வைத்தாள்.

“பிரைமரிக்கு எப்படி வைக்கறது?”

அது 230 வோல்ட் வேலை. அவளை மூன்றடி தள்ளி நிறுத்திவிட்டு நானே செய்தேன். முதன்மையின் ஒரு முனையைத் துணைச்சுருள்களில் ஒன்றின் புள்ளி முனையோடு சேர்த்து, மிச்சமிருந்த இரண்டு முனைகளுக்கு நடுவே மீட்டரை மாட்டி, பிளக்கைப் போட்டேன். அன்றைக்கு மெயின்ஸ் 229. கூடினால் 242, கழிந்தால் 216. எது வரும் என்று எனக்கும் தெரியாது.

மூன்றடி தூரத்திலிருந்து அவள் எட்டிப் படித்தாள். “இருநூத்திப் பதினாறு. கழிஞ்சிடுச்சு. அப்ப நீங்க சேர்த்தது ரெண்டும் ஒரே பக்கம்.”

பிளக்கைப் பிடுங்கினேன். அவள் பக்கத்தில் வந்து முதன்மைச் சுருளின் அந்த முனையில் மூன்றாவது புள்ளியை வைத்து, காய்வதற்காக ஊதினாள்.